உடலோடு கட்டிய பெயர்: ஓர் ஆழ்கடல் தூண்டில் மீனை இனங்காணுதல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மீன் வகைப்பாட்டியல் பற்றிப் பொதுவாகப் பேசலாம் என்றார்கள். பொதுவாகப் பேசினால் இந்தத் துறையின் உழைப்பு தெரியாது என்பது என் எண்ணம். ஆகவே ஒரே ஒரு மீனை எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் லாசியோக்னாதஸ் டைனிமா. 2015-ஆம் ஆண்டு தியோடர் பீட்ச், ட்ரேசி சட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ‘கோபியா’ என்ற ஆய்விதழில் இதை ஒரு புதிய சிற்றினமாக விவரித்தார்கள். பீட்ச், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தம் வாழ்நாளையே தூண்டில் மீன்களுக்குக் கொடுத்தவர். சட்டன், ஃபுளோரிடாவில் நோவா சவுத்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஆழ்கடல் மீன்களை ஆராய்பவர். அவர்கள் கையில் இருந்தவை மூன்றே மூன்று மீன்கள். மூன்றும் பெண் மீன்கள். சிறியது 30 மில்லிமீட்டர், பெரியது 95 மில்லிமீட்டர். மெக்சிகோ வளைகுடாவின் வடபகுதியில் 1000 மீட்டருக்கும் 1500 மீட்டருக்கும் இடைப்பட்ட ஆழத்தில் கிடைத்தவை.

அந்த ஆழத்துக்கு வலை ஏன் போனது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் கீழே, கிணற்றின் வாயிலிருந்து 87 நாட்கள் எண்ணெய் பீறிட்டுக்கொண்டே இருந்தது. இப்படி ஒரு விபத்து நடந்தால் இயற்கை வளங்களுக்கு நேர்ந்த சேதத்தை மதிப்பிட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். கரையில் ஒதுங்கிய பெலிகனை எண்ணலாம். கடலாமையை எண்ணலாம். வெளிச்சமே எட்டாத நடுநீரில் என்ன செத்தது, எவ்வளவு செத்தது? அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று தெரிய வேண்டுமே. அந்தக் கணக்கு யாரிடமும் சரியாக இல்லை. எனவே கப்பல்கள் போயின. குறித்த ஆழத்தில் திறந்து குறித்த ஆழத்தில் மூடிக்கொள்ளும் அடுக்கு வலைகள் இறங்கின. அந்த மதிப்பீட்டுப் பணியில் கிடைத்தவற்றில்தான் நம் மூன்று மீன்களும் இருந்தன. எண்ணெய் பீறிட்ட அதே ஆழத்தில் வாழ்ந்த மீனுக்கு, எண்ணெய் கொட்டி முடிந்து ஐந்து ஆண்டு கழித்துத்தான் பெயர் கிடைத்தது. பெயர் இல்லாத உயிருக்கு எந்தச் சேதப் பட்டியலிலும் ஒரு வரி கிடையாது. இது எனக்கு ஆறாத வருத்தம்.

ஆழ்கடல் தூண்டில் மீன்கள் என்று நான் சொல்வது செராட்டியாய்டு என்ற துணைவரிசையை. ஏறக்குறைய 170 சிற்றினங்கள் அதில் உண்டு. முதுகுத் துடுப்பின் முதல் முள் நீண்டு, தலைக்கு முன்னே வந்து, தூண்டிற்கோலாக நிற்கும். அதன் நுனியில் ஒரு சிறு குமிழ். பெரும்பாலான இனங்களில் அந்தக் குமிழுக்குள் ஒளிரும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. கோலும் குமிழும் பெண்ணுக்கு மட்டுமே. பெண்களில்கூட ஒரு குடும்பத்தில் மட்டும் கோல் இருந்தும் குமிழில் ஒளி இருக்காது.

இப்போது இந்த மீனைக் கிட்டத்தில் பார்ப்போம். பாடப் படங்களில் வரும் தூண்டில் மீன் உருண்டையாக இருக்கும். லாசியோக்னாதஸ் அப்படி இல்லை. ஒடுங்கி நீண்ட உடல். மேல்தாடை கீழ்த்தாடையைத் தாண்டி முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் விளிம்பில் வளைந்த பற்கள் கீழ்நோக்கித் தொங்கும். வாயை மூடினால் அந்தப் பற்கள் கீழ்த்தாடைக்கு வெளியே ஒரு வேலிபோல இறங்கும். தலைமேல் கிடக்கும் எலும்புத் தண்டு ஒன்று தூண்டிற்கோலைத் தாங்குகிறது. அந்தத் தண்டு முன்னும் பின்னும் நகரக்கூடியது. பின்னே இழுத்துக்கொண்டால் அதன் மறுமுனை முதுகுப்புறத்தில் தோலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். கோலின் நுனியில் ஒளிக்குமிழ், அதற்கு அப்பால் கூரிய கொக்கிகள். மனிதன் செய்த தூண்டிலின் எல்லா உறுப்புகளையும் ஒரு மீன் தன் எலும்பிலும் தோலிலும் வளர்த்து வைத்திருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

டைனிமாவை அதன் உறவினர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது அந்தக் கொக்கிகளின் அடியில்தான் இருக்கிறது. அங்கிருந்து தோலால் ஆன இரண்டு நீண்ட இழைகள் கிளம்புகின்றன. வேறெந்த லாசியோக்னாதஸிலும் இது இல்லை. டைனிமா என்ற கிரேக்கப் பெயரே இரட்டை இழையைக் குறிப்பதுதான். உடலெங்கும் ஒத்திருந்து, ஒரு கோலின் முனையில் மட்டும் வேறுபடுகிற மீனைத் தனிச் சிற்றினம் என்று சொல்லிவிடலாமா? மாணவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட.

சொல்லலாம். ஆனால் விலை கொடுத்துச் சொல்ல வேண்டும். ஆழ்கடலிலிருந்து மேலே வரும் தூண்டில் மீன் முழுதாக வருவதில்லை. தோல் மெல்லியது, தசை நீர்த்தது. வலைக்குள் இறாலும் ஜெல்லி மீனும் மோதிக்கொண்டே மணிக்கணக்கில் வருகிறது. தோல் உரிந்திருக்கும், குமிழின் இழைகள் அறுந்திருக்கும். ஆகவே முதல் கேள்வி, இந்த இழை இயல்பா, கிழிந்த தோலா என்பதுதான். மீனைத் தட்டில் வைத்து, எத்தனாலில் மூழ்கும்படி விட்டு, நுண்ணோக்கியின் கீழே நுண்ணூசியால் இழையின் அடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கிழிசலாக இருந்தால் ஓரம் சிதைந்திருக்கும். வளர்ச்சியாக இருந்தால் அடியிலிருந்து நுனிவரை சீராக மெலிந்துகொண்டே போகும், நிறமிகளும் ஒழுங்காகப் படர்ந்திருக்கும். ஒரு மீனில் கண்டதை இரண்டாவது மீனிலும், வேறு அளவுள்ள மூன்றாவது மீனிலும் கண்டால் அப்புறம்தான் எழுத உட்காரலாம்.

அடுத்தது வளர்ச்சி. இளம் மீனின் குமிழ் எளிமையாக இருக்கும். வளர வளரத்தான் அதில் கிளைகளும் இழைகளும் தோன்றும். 30 மில்லிமீட்டர் மீனையும் 95 மில்லிமீட்டர் மீனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது பெரிய பேறு. இந்தத் துறையில் ஒரே ஒரு மீனை வைத்து விவரிக்கப்பட்ட சிற்றினங்களும் இருக்கின்றன.

பிறகு எண்ணிக்கை. முதுகுத் துடுப்பில் எத்தனை கதிர், மலத்துடுப்பில் எத்தனை, மார்புத் துடுப்பில் எத்தனை. மேல்தாடைப் பல், கீழ்த்தாடைப் பல், வாயின் மேற்கூரையில் உள்ள பல். தூண்டிற்கோலின் நீளம் உடல் நீளத்தில் எத்தனை சதவீதம். செவுள் மூடி எலும்பின் வடிவம். மீனை வெட்டாமல் முதுகெலும்பை எண்ண எக்ஸ்-ரே. உபரி மீன் இருந்தால் ஒன்றின் தசையைக் கண்ணாடிபோல் தெளிய வைத்து, எலும்புக்குச் சிவப்பும் குருத்தெலும்புக்கு நீலமும் ஏற்றிப் பார்ப்பார்கள். இதெல்லாம் சலிப்பூட்டும் வேலை என்று சிலர் சொல்வதுண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பல் எண்ணுகிறபோதுதான் மீனின் முகம் நமக்குப் பழகுகிறது.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு ஒரு மீனைத் தேர்ந்தெடுத்து ஹோலோடைப் என்று அறிவிக்கிறோம். நிலத்துக்கு மூலப்பத்திரம் எப்படியோ அப்படித்தான் சிற்றினத்துக்கு ஹோலோடைப். பிற்காலத்தில் எல்லைத் தகராறு வந்தால் எல்லோரும் அங்கேதான் திரும்பிப் போக வேண்டும். டைனிமாவின் உடல்கள் அமெரிக்காவின் ஹாமண்ட் நகரில், சவுத்ஈஸ்டர்ன் லூசியானா பல்கலைக்கழகத்தின் மீன் சேகரிப்பில் சேர்ந்தன. நாளைக்கு உங்களில் ஒருவர் பீட்சும் சட்டனும் சொன்னது தவறு என்று காட்ட விரும்பினால், அந்தச் சேகரிப்பிலிருந்து மீனை வாங்கிப் பார்த்துக் காட்டலாம். ஒரு பெயரை நான் நம்புவது இந்த வாய்ப்பு இருப்பதால்தான்.

உடல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் போதும், இருக்க வேண்டும் என்பதற்கு இந்த மீன்களின் வரலாறே சாட்சி. அறிவியலுக்கு முதன்முதலில் தெரியவந்த செராட்டியாய்டு மீன் 1833-இல் கிரீன்லாந்துக் கரையில் ஒதுங்கியது. ஆட்கள் கண்டெடுப்பதற்குள் பறவைகள் கொத்தித் தின்றுவிட்டன. தூண்டிற்கோலும் வேறு சில துணுக்குகளும்தான் கோபன்ஹேகனில் இருந்த ஜோஹன்னஸ் ரைன்ஹார்ட்டின் கைக்கு வந்து சேர்ந்தன. அவற்றை வைத்துக்கொண்டு அவர் ஹிமான்டோலோஃபஸ் குரோன்லாண்டிகஸ் என்று பெயரிட்டார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகப் போகின்றன, அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது. அவருக்குக் கிடைத்த துணுக்கு நல்ல துணுக்கு. இனத்தைக் காட்டிக்கொடுக்கும் உறுப்பு எதுவோ அதுவே மிஞ்சியிருந்தது.

இதற்கு நேர் எதிரான கதை வில்லியம் பீபியுடையது. 1934-இல் பெர்முடாவுக்கு அருகே, ஓடிஸ் பார்ட்டனோடு எஃகு உருண்டை ஒன்றுக்குள் அமர்ந்து 923 மீட்டர் ஆழம் இறங்கியவர். குவார்ட்ஸ் கண்ணாடிச் சன்னல் வழியே அவர் கண்டவற்றில் சிலவற்றுக்குப் பெயரும் சூட்டினார். மூன்று ஒளித்தண்டுகள் கொண்ட ஒரு தூண்டில் மீனும் அவற்றில் ஒன்று. பாத்திசெராட்டியாஸ் டிரைலிக்னஸ் என்பது அதன் பெயர். எல்ஸ் போஸ்டல்மன் என்ற ஓவியர் அவர் சொல்லக் கேட்டு வரைந்த படங்கள் அழகானவை. பீபியின் துணிவையும் நேர்மையையும் நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மீனை அதற்கு முன்பும் பின்பும் யாரும் பார்க்கவில்லை. உடல் இல்லை. கார்ல் ஹப்ஸ் போன்ற மீனியலார் அக்காலத்திலேயே ஐயம் எழுப்பினார்கள். பெயர் பட்டியலில் கிடக்கிறது. அதை மெய்ப்பிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. பீபியின் பெயர் தாங்கிய தூண்டில் மீன் ஒன்று உண்டு, அதற்கு உடலும் உண்டு. அது நம் டைனிமாவின் உறவுதான்: லாசியோக்னாதஸ் பீபி. 1932-இல் சார்லஸ் டேட் ரீகனும் எத்தல்வின் டிரெவாவஸும் விவரித்தது.

உடல் இருந்தும் தவறலாம். அதையும் சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மை சொன்னவன் ஆவேன். 1922-இல் ஐஸ்லாந்தின் ப்யார்னி சைமுண்ட்சன், செராட்டியாஸ் ஹோல்பொல்லி என்ற பெரிய பெண் மீனின் வயிற்றுப்புறத்தில் இரண்டு சிறு மீன்கள் மூக்கால் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். குட்டிகள் என்று எண்ணினார். எப்படி ஒட்டின என்பது அவருக்கு விளங்கவில்லை, விளங்கவில்லை என்றே எழுதியும் வைத்தார். 1925-இல் லண்டனில் ரீகன் அப்படிப்பட்ட ஒரு சிறு மீனை அறுத்துப் பார்த்தபோது அது குட்டி இல்லை, முதிர்ந்த ஆண் என்று தெரிந்தது. பெண்ணின் உடலோடு தோலும் திசுவும் இணைந்து, அவள் இரத்தத்திலேயே வாழும் ஆண்.

சிக்கல் அதோடு முடியவில்லை. தூண்டில் இல்லாமல், பெரிய நாசியும் சிறிய உடலுமாகத் திரியும் சின்ன மீன்களை அதற்கு முன்பே ஜெர்மனியின் வால்டிவியா கப்பல் பயணச் சேகரிப்பில் கண்டு, அசெராட்டியாஸ் என்று தனியே பெயரிட்டிருந்தார்கள். அவற்றுக்கென்று ஒரு குடும்பமே வகுத்தாயிற்று. 1930-இல் ஆல்பர்ட் பார் அவற்றை நுணுகிப் பார்த்து, இவை பெண்ணைத் தேடிக்கொண்டிருக்கும் ஆண்கள் என்றார். அந்தக் குடும்பம் கலைந்தது. கணவன் ஒரு குடும்பத்திலும் மனைவி வேறொரு குடும்பத்திலும் நூலில் பதிவாகியிருந்த நிலை மாறியது.

இதன் தொடர்ச்சியாக நடந்ததைத்தான் நான் மிகவும் போற்றுகிறேன். டென்மார்க்கின் டானா கப்பல் 1920-களில் உலகக் கடல்களிலிருந்து கொண்டுவந்த சேகரிப்பு மிகப் பெரியது. குமிழின் சின்னச் சின்ன வேறுபாடுகளை நம்பி ரீகனும் டிரெவாவஸும் அதிலிருந்து ஏராளமான சிற்றினங்களை விவரித்தார்கள். எரிக் பெர்ட்டெல்சன் அதே சேகரிப்பை மீண்டும் எடுத்து, குஞ்சு முதல் முதிர்ந்த மீன்வரை வரிசையாக அடுக்கி, 1951-இல் தம் பெருநூலை வெளியிட்டார். பெயர்கள் பல உதிர்ந்தன. ஒரே மீனின் வெவ்வேறு வயதுக்கு வெவ்வேறு பெயர் இருந்தது தெரியவந்தது. அவருக்குப் பின் பீட்ச் அந்த வேலையைத் தொடர்ந்தார். 1883-இல் தியோடர் கில் பெயரிட்ட கிரிப்டோப்சாரஸ் கௌயிசி உலகெங்கும் வெவ்வேறு பெயர்களில் திரிந்தது. இன்று அந்தப் பேரினத்தில் அது ஒன்றுதான், மற்றவை எல்லாம் அதன் மறுபெயர்கள். புதிய இனம் கண்டால் செய்தித்தாளில் படம் வருகிறது. பத்து பெயர்களை ஒன்றாக்கியவருக்கு ஒரு மாலைகூடக் கிடைப்பதில்லை. பதவி உயர்வுக் குழுக்களில் அமர்ந்திருப்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். புதிய இனம் விவரித்த கட்டுரைக்குக் கொடுக்கும் மதிப்பை ஒரு பேரினத்தைத் திருத்தி எழுதிய நூலுக்கும் கொடுங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய பெயர்களைச் சரிபார்த்தவர்கள் இல்லாவிட்டால் டைனிமா புதியதுதான் என்று 2015-இல் யாராலும் துணிந்து சொல்லியிருக்க முடியாது.

ஆனால் ஜாடியில் பாதுகாத்த உடல் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ஜைகான்டாக்டிஸ் என்ற நீண்ட கோல் மீனை ஏறத்தாழ நூறாண்டு ஜாடியில் மட்டுமே பார்த்தார்கள். ஆழ்கடல் ஊர்தியின் கேமராவில் அது சிக்கியபோதுதான், தலைகீழாக மிதந்துகொண்டு தூண்டிலைக் கடலடியை நோக்கித் தொங்கவிட்டிருப்பது தெரிந்தது. 2016-இல் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே 800 மீட்டர் ஆழத்தில் காலோஃப்ரைன் என்ற விசிறித் துடுப்பு மீனை, ஒட்டிய ஆணோடு உயிருடன் படம்பிடித்தார்கள். மரபணுவும் துணைக்கு வந்திருக்கிறது. ஆண் எந்தப் பெண்ணின் இனம் என்று எலும்பில் தேடியதை இப்போது தசைத் துணுக்கில் படிக்கலாம். ஒட்டிய ஆணைப் பெண்ணின் உடல் ஏன் அந்நியப் பொருளாக நினைத்துத் தள்ளுவதில்லை என்ற கேள்விக்கும் 2020-இல் ஒரு விடை கிடைத்தது. ஆண் நிரந்தரமாக ஒட்டும் இனங்களில், மற்ற முதுகெலும்பிகளுக்கு இன்றியமையாதவை என்று நாம் நினைத்திருந்த நோயெதிர்ப்பு மரபணுக்கள் சில இல்லாமலே போயிருக்கின்றன. அருங்காட்சியகங்களில் சரியாகப் பெயரிட்டு வைத்த திசு இருந்ததால் செய்ய முடிந்த ஆய்வு அது.

நம் கடலுக்கு வருகிறேன். வங்காள விரிகுடா இந்த மீன்களுக்குப் புதிய இடமில்லை. இன்வெஸ்டிகேட்டர் என்ற கப்பலில் மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் இருந்த ஆல்ஃபிரட் ஆல்காக், 1890-இலேயே இந்த விரிகுடாவிலிருந்து பாரோனைரோடஸ் குளோமெரோசஸ் என்ற தூண்டில் மீனை விவரித்திருக்கிறார். 2017-இல் மேற்கு இந்தியப் பெருங்கடலிலிருந்து ஒனைரோடஸ் சஞ்சீவனி என்ற புதிய சிற்றினத்தை நம் நாட்டு ஆய்வாளர்கள் விவரித்தார்கள். அந்தக் கட்டுரை வெளிவந்ததும் டைனிமா வெளிவந்த அதே கோபியாவில்தான். ஒனைரோடஸ்தான் செராட்டியாய்டுகளிலேயே மிக அதிகச் சிற்றினங்கள் கொண்ட பேரினம், அங்கேயும் இனம் பிரிப்பது குமிழின் இழைகளே. 1890-க்கும் 2017-க்கும் நடுவே நூறாண்டுக்கு மேற்பட்ட அந்த இடைவெளியை எண்ணினால் எனக்கு ஆதங்கம் வருகிறது.

ஆயிரம் மீட்டர் ஆழத்துக்கு வலை இறக்கும் ஆய்வுக் கப்பல் எல்லா மாணவருக்கும் வாய்க்காது. ஆனால் தூத்துக்குடிக்கும் கொல்லத்துக்கும் பேருந்து இருக்கிறது. அங்கே ஆழ்கடல் இறாலுக்குப் போகும் இழுவைப் படகுகள் கரை சேரும்போது, இறாலைப் பிரித்தெடுத்த பிறகு ஒதுக்கித் தள்ளும் குவியலைப் பாருங்கள். மீன்தூள் ஆலைக்குப் போகும் குவியல் அது. தூண்டில் மீன் வரிசையின் கடலடி உறவினர்களான சௌனாக்ஸ், லோஃபியோடஸ் ஆகியவை அதில் கிடைக்கும். அவற்றில் கை பழகட்டும். படகில் போனவரிடமே கேளுங்கள், எந்தத் திசையில் எத்தனை பாக ஆழத்தில் வலை இழுத்தார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். மீனின் வலப்பக்கத்தில் ஒரு துண்டுத் தசையை எடுத்து எத்தனாலில் போட்டுவிட்டு, அதன் பிறகு மீனை ஃபார்மலினில் இடுங்கள். வரிசை மாறினால் மரபணு கெட்டுவிடும். இடப்பக்கத்தைத் தொடாதீர்கள், அளவெடுப்பதும் படமெடுப்பதும் அந்தப் பக்கத்தில்தான். இடம், ஆழம், நாள், படகு ஆகியவற்றைப் பென்சிலால் தடித்த தாளில் எழுதி, ஜாடியின் வெளியே ஒட்டாமல் மீனோடு சேர்த்து உள்ளே போடுங்கள்.

இந்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்களிடம் ஒரு விண்ணப்பம். சொற்பொழிவாளருக்கு என்று ஒதுக்கிய தொகையை நான் பெற்றுக்கொள்ளப் போவதில்லை. அப்படிக் கொண்டுவரப்படும் மீன்களை எக்ஸ்-ரே எடுக்கவும், ஜாடிக்கும் எத்தனாலுக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய பழைய உடல்கள் கொல்கத்தாவில், இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் (ZSI) சேகரிப்பில் இருக்கின்றன. முதலில் மீன் கொண்டுவரும் மாணவருக்கு அங்கே போய்வரும் ரயில் கட்டணத்தையும் அதிலிருந்தே கொடுங்கள்.